ஒரு காலாட்டல் குறித்த விசாரணை

குடிநீர் வாரியத்தின் புகார் அறையில் நீளமான ஒரே மேசைதான். அதன்மேல் நான்கு தொலைபேசிகள், நான்கு பதிவேடுகள். பின்னால் நான்கு எழுத்தர்கள். மூன்றாவது நாற்காலியில் இருந்த எழுத்தருக்குக் காலாட்டும் பழக்கம் உண்டு. அவர் கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் மற்ற மூன்று பேரின் எழுத்தும் ஆடும். பதினோரு வருடங்களாக இதனால் யாருக்கும் ஒரு பாதகமும் நேரவில்லை, ஏனென்றால் அங்கே எழுதியதை யாரும் படிப்பதில்லை.

அவர் அந்தக் காலைப் பற்றி யோசித்ததே கிடையாது. ஒருநாள் பக்கத்து நாற்காலி அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, ஒரு ஏழு போட்டா ரயில்ல உக்காந்து போட்ட மாதிரி இருக்கு. திட்டுறேன்னு நெனைக்காத. உன் மனசுல ஏதோ இருக்கு. என்னன்னு பாரு."

அக்கா அதைச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார். எழுத்தரால் மறக்க முடியவில்லை. மனசுல ஏதோ இருக்கு என்றால் என்ன இருக்கிறது? இருப்பது தனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? நடைபாதையில் பழைய புத்தகங்களைக் குவித்து எடைக்கு விற்கிறவரிடம் மனோதத்துவப் புத்தகம் ஒன்று வாங்கினார். அட்டை இல்லை. முன்னால் முப்பது பக்கங்கள் இல்லை. கடைசி அத்தியாயமும் இல்லை. ஆகவே மனம் என்றால் என்ன என்பதும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதும் அவருக்குக் கிடைக்கவில்லை. நடுவில் இருந்ததை ஏழு முறை படித்தார்.

படித்ததோடு நிற்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, பார்ப்பதை எல்லாம் குறிக்க ஆரம்பித்தார். 'எடுத்த எடுப்பில் நன்றி சொல்பவர் மறுநாளும் கூப்பிடுவார்.' 'பெயரைக் கேட்டால் கோபிப்பவர் முகவரியைத் தெளிவாகச் சொல்வார்.' கடைசியாக எழுதி, அவர் மிகவும் பெருமைப்பட்ட விதி பன்னிரண்டாவது: 'ஒருநாள் தண்ணீர் வராதவர் கத்துகிறார். பத்து நாள் வராதவர் கெஞ்சுகிறார். அதற்கும் மேல் போனால் மெதுவாகப் பேசுகிறார்.'

பன்னிரண்டாவது விதிக்கு ஆதாரம் ஒரு பெண்மணி. தினமும் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவார். புகார் எண்ணைச் சொல்வார். "இன்னும் வரலை. ஆளை அனுப்புங்க" என்பார். வைத்துவிடுவார். காற்றில் சருகு விழுவது போன்ற குரல்.

வீட்டிலும் ஆராய்ச்சி நடந்தது. அவர் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற கண்.

"நீ கோவமா இருக்கும்போது பாத்திரத்த மெதுவா வைக்கிற. அது அடக்கி வெச்ச கோவம்" என்றார் எழுத்தர்.

"அது கீழ்வீட்டுக் கொழந்த தூங்குதுன்னு வெச்சது. உங்க மேல கோவம் வந்தா புத்தகத்துல பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்காது" என்றார் மனைவி.

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

காலைப் பற்றிய ஆராய்ச்சிதான் நீண்டது. தேநீரால் ஆடுகிறது என்று எண்ணி ஒரு வாரம் தேநீரை விட்டார். கால் ஆடியது, கூடவே தலையும் வலித்தது. நாற்காலியால் ஆடுகிறது என்று எண்ணி அக்காவோடு நாற்காலியை மாற்றிக்கொண்டார். அங்கேயும் ஆடியது. விடுமுறை நாளில் வீட்டில் நாள் முழுக்கக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அது அசையவே இல்லை. பிறகுதான் ஒவ்வொரு அழைப்புக்கும் எதிரே ஒரு கோடு போட ஆரம்பித்தார்: ஆடியது, ஆடவில்லை. இரண்டு மாதக் கோடுகளைக் கூட்டிப் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. திட்டுகிறவர்களுக்குக் கால் ஆடவில்லை. சந்தேகம் கேட்பவர்களுக்கு ஆடவில்லை. 'வாங்க' என்று கூப்பிடுகிறவர்களுக்குத்தான் ஆடியது. கூப்பிட்டால் கால் கிளம்புகிறது. ஆள் கிளம்புவதில்லை.

இதைக் கண்டுபிடித்த அன்று அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் ஃபிட்டர் விவகாரம் வந்தது.

வேலைக்குச் சேர்ந்து நான்கே நாளான ஃபிட்டர் ஒருவர், வழக்கம் தெரியாமல், புகார்ப் பதிவேட்டைத் திறந்து ஒரு முகவரியைப் படித்து, அங்கே போயே விட்டார். பதினொன்றாம் எண் வீட்டுக்குப் போக வேண்டியவர், இரண்டு ஒன்றுகளும் ஆடிப்போய் ஏழுகளாக நின்றதால், எழுபத்தேழுக்குப் போய் நன்றாக வந்துகொண்டிருந்த குழாயைக் கழற்றினார். அது வாரியத் தலைவரின் சம்பந்தி வீடு.

விசாரணையில் இரண்டு குற்றங்கள் நிரூபணமாயின. ஒன்று, புகார் வந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஃபிட்டர் கிளம்பிப் போனது. அதற்கு அவர் எச்சரிக்கப்பட்டார். இரண்டாவது, மூன்றாம் நாற்காலியின் கால். எழுத்தரை நான்காவது மாடிக்கு அனுப்பினார்கள்.

நான்காவது மாடியில் மன அமைதிப் பிரிவு புதிதாகத் திறந்திருந்தது. 'நிதியாண்டு முடிவதற்குள் ஊழியர்கள் அனைவரும் மன அமைதி அடைந்துவிட வேண்டும்' என்ற சுற்றறிக்கை கதவில் ஒட்டியிருந்தது. மன அமைதி அலுவலர் பத்தொன்பது வருடங்கள் குழாய் கொள்முதலில் இருந்தவர். மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். மூன்றாவது நாள் குழுப் புகைப்படம் எடுத்த நாள்.

"உக்காருங்க. பயப்படாதீங்க. மனசுன்னா என்ன? அதுவும் ஒரு குழாய்தான். உள்ள அழுத்தம் ஜாஸ்தியானா வெடிக்கும். நம்ம வாரியத்துக் குழாய் எதுவும் ஏன் வெடிக்கிறதில்ல, தெரியுமா?"

"தண்ணி விடுறதில்ல சார்."

"அதேதான். மனசையும் அப்படி வெச்சுக்கணும்" என்றார் அலுவலர், தன் கருத்தை ஒருவர் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட மகிழ்ச்சியோடு. பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். 'நான் மன அமைதியுடன் இருக்கிறேன்' என்று ஒரு வரி. கீழே மூன்று கட்டங்கள்: ஓரளவு, பெருமளவு, முழுமையாக.

"இல்லைங்கிறதுக்குக் கட்டமே இல்லையே சார்."

"அச்சடிக்கும்போது யாருக்கும் அந்தத் தேவை வரலை."

எழுத்தருக்கு இதுதான் சமயம் என்று தோன்றியது. மனதைப் பற்றிப் பேசவே ஓர் அலுவலகம், அதற்கென்று ஓர் அலுவலர். இவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நானே கொஞ்சம் படிச்சுப் பாத்து வெச்சிருக்கேன் சார். ரெண்டு மாசக் கணக்கு இருக்கு."

அலுவலர் நோட்டைத் தொடாமல் பேனா முனையால் திறந்தார். நான்கு பக்கங்கள் புரட்டினார். முகம் மாறியது.

"யார் அனுமதியில படிச்சீங்க?"

"அனுமதியா? புத்தகம் நடைபாதையில வாங்கினேன் சார்."

"புத்தகத்த விடுங்க. மனசு யாரோடது?"

"என்னோடது."

"பரிசோதிச்சது யாரு?"

"நான்தான்."

"உங்க மனச நீங்களே பரிசோதிச்சா அது பாரபட்சம் இல்லையா? கடைக்காரன் தன் தராசுக்குத் தானே முத்திரை குத்திக்கிட்ட மாதிரி இருக்கு. வாரியத்துல எந்தப் பரிசோதனையும் வெளியாள வெச்சுத்தான் செய்யணும். டெண்டர் கூப்பிட்டு, கொறைஞ்ச தொகை கேக்குறவருக்குக் குடுக்கணும்." அவர் நோட்டை ஒரு உறையில் போட்டு அரக்கு வைத்தார். "இது இனிமே ஆதாரம்."

அடுத்த திங்கட்கிழமை டெண்டரில் வென்றவர் வந்தார். ஓய்வு பெற்ற மீட்டர் ரீடர். எழுத்தரின் கால் ஆடுவதை அளப்பது அவர் வேலை. முதல் நாள் அரை மணி நேரம் மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து ஓர் எண்ணைக் குறித்தார். அதற்குப் பிறகு வரவில்லை. மாதக் கடைசியில், அந்த மாத அளவையும் அதற்கு முந்தைய மாத அளவையும் கூட்டிச் சராசரி போட்டு அட்டையில் எழுதினார். அதற்கு முந்தைய மாதம் அவர் அளக்கவே இல்லை என்று எழுத்தர் சொன்னபோது, "கால் இருந்துச்சு இல்ல? இருந்தா ஓடியிருக்கும்" என்றார். இரண்டு நாட்கள் எழுத்தர் காய்ச்சலில் வரவில்லை. அந்த நாட்களுக்கு எதிரே 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதியிருந்தது.

எழுத்தருக்கு நாளுக்கு நாள் தவிப்பு கூடியது. நோட்டு இல்லாமல் கை பரபரத்தது. இரண்டு மாதம் பட்ட பாடு, அரக்கு உறைக்குள் கிடக்கிறது. வீட்டுக்கு வந்தால் அறைக்குள்ளேயே நடந்தார். சமையலறை, ஜன்னல், கதவு, மறுபடி சமையலறை.

"ஒரு எடத்துல நில்லுங்க. உங்களப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றார் மனைவி.

"எனக்கு ஏன் ஆடுதுன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. ஆனா தப்பு என்மேலங்கிறாங்க."

"தெரிஞ்சுடுச்சு இல்ல, அப்புறம் எதுக்கு அவங்க கையெழுத்து?"

எழுத்தர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அதற்குப் பதில் அதில் இல்லை. கடைசி அத்தியாயத்தில் ஒருவேளை இருந்திருக்கும்.

பிறகு மன அமைதி நாள் வந்தது. ஊழியர்கள் எல்லோரும் பெரிய கூடத்தில் கூட வேண்டும். அமைதிக்கு இடைஞ்சல் கூடாது என்று புகார் அறையின் நான்கு ரிசீவர்களையும் எடுத்துக் கீழே வைக்கச் சொல்லி உத்தரவு. தலைவர் மேடையேறிப் பேசினார்.

"முப்பது வருஷமா இந்த வாரியத்துல இருக்கேன். ஒருநாள் கூட எனக்கு மன உளைச்சல் வந்ததில்ல. காரணம் என்ன? நான் எதையும் உள்ள எடுத்துக்கிறதில்ல. கோப்பு வரும், கோப்பு போகும். நான் அப்படியே இருப்பேன். ஒரு தடவ ஊர்ல பதினெட்டு நாள் தண்ணி இல்ல. எல்லாரும் பதறினாங்க. நான் பதறலை. பத்தொன்பதாவது நாள் மழை பேஞ்சுது. அப்போ பதறினவங்களுக்கு என்ன லாபம்? தண்ணியப் பத்தி யோசிச்சுப் பாருங்க. அதோட குணமே அமைதி. நம்ம குழாய்களுக்குள்ள போய்ப் பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்குன்னு."

கைதட்டலுக்குப் பிறகு பத்து நிமிட மௌனம். கூடத்து நாற்காலிகள் பதினான்கு பதினான்காக ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தியவை. எழுத்தர் ஆறாவது வரிசையின் நடுவில் இருந்தார். முதல் நான்கு நிமிடங்கள் இரண்டு கைகளாலும் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தார். ஐந்தாவது நிமிடம் கீழே புகார் அறை ஞாபகம் வந்தது. மணி பத்து. நான்கு ரிசீவர்கள் குப்புறக் கிடக்கின்றன. இந்நேரம் அந்த அம்மா எண்ணைச் சுழற்றிவிட்டுக் காத்திருப்பார். வரிசை மெல்லக் கிறீச்சிட ஆரம்பித்தது. கணக்குப் பிரிவு அதிகாரியின் மூக்குக்கண்ணாடி நழுவியது. பதினான்கு நாற்காலிகளும் தூளி போல் ஆடின.

"யாருக்கு அங்க அமைதி இல்ல?" என்றார் தலைவர்.

பதிமூன்று விரல்கள் ஒரே பக்கம் திரும்பின. எழுத்தர் எழுந்து நின்றார்.

"ஏன் ஆட்டுறீங்க?"

"கூப்பிடுறாங்க சார்" என்றார் எழுத்தர். இத்தனை நாள் சொல்லக் காத்திருந்தது, யோசிக்காமல் வந்துவிட்டது. "தெனமும் நூறு பேர் வாங்க வாங்கன்னு கூப்பிடுறாங்க. நான் போறதில்ல. கால் மட்டும் கெளம்பிடுது."

"யாரு கூப்பிடுறா?"

"ஆளு யாருன்னு தெரியாது சார். கொரல் மட்டுந்தான் வரும்."

அன்று அந்தக் கூடத்தில் உண்மையான மௌனம் அப்போதுதான் நிலவியது. மன அமைதி அலுவலர் மட்டும் எழுதும் சத்தம் கேட்டது.

மாலையில் இரண்டு செய்திகள் வந்தன. ரிசீவர்கள் நாள் முழுக்கக் கீழேயே கிடந்து அன்று ஒரு புகார் கூடப் பதிவாகாததால், பத்து நிமிட அமைதியிலேயே தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று தலைவர் அறிவித்திருந்தார். மற்றது எழுத்தருக்கான கடிதம். 'தங்களுக்குக் குரல்கள் கேட்பதாகத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளதால் மூவர் குழு முன் ஆஜராகவும்.'

குழுவில் தலைவர், மன அமைதி அலுவலர், வெளியாள் என்ற தகுதியில் மீட்டர் ரீடர். கேள்விகளை அலுவலர் கேட்டார்.

"கொரல் ஆணா, பெண்ணா?"

"ரெண்டும் சார்."

"எப்போ கேக்குது?"

"காலைல ஒன்பதரைல இருந்து சாயந்திரம் அஞ்சரை வரைக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கொஞ்சம் கம்மியா இருக்கும்."

"எந்தக் காதுல?"

"எடது காதுல சார். வலது கையால எழுதணும் இல்லையா."

"என்ன சொல்லுது?"

"தண்ணி வரலை, வாங்கன்னு சொல்லுது."

'தாகம் சம்பந்தமான குரல்கள்' என்று அலுவலர் எழுதிக்கொண்டார்.

"சார், இதெல்லாம் டெலிபோன்ல வர்றது" என்றார் எழுத்தர்.

"டெலிபோன் வழியா வர்றதா நம்புகிறார்" என்று அலுவலர் சத்தமாகச் சொல்லியபடியே அதையும் எழுதினார்.

"பதிவேட்டுல இருக்கு சார். தேதி போட்டு இருக்கு."

"பதிவேட்ட எழுதினது யாரு?"

"நான்தான்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "பாத்தீங்களா" என்று மீட்டர் ரீடரிடம் சொன்னார்.

"பக்கத்து நாற்காலி அக்காவக் கேளுங்க சார். அவங்களுக்கும் கேக்குது."

"அவங்க கால் ஆட்டுறாங்களா?"

"இல்ல."

"அப்போ அவங்களுக்குக் கேக்கலை" என்றார் அலுவலர், ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுமையோடு.

தலைவர் கடைசியில் இரக்கம் காட்டினார். எடுத்த எடுப்பில் ஒருவரை வேலைக்கு லாயக்கற்றவர் என்று எழுதிவிடக் கூடாது. ஒரு வாரம் அவகாசம். கூப்பிடுவதாகச் சொல்கிற குரல்களில் ஒன்றையாவது உடம்போடு கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல், புகாரோடு, நேரில். காட்ட முடியாவிட்டால் மனநிலை காரணமாகப் பணிநீக்கம்.

இதைக் கடிதமாகவும் கையில் கொடுத்தார்கள். வீட்டில் மனைவி அதை இரண்டு முறை படித்தார். அன்று அவர் கேலி பேசவில்லை. மறுநாள் கடைக்கு லீவு சொல்லவா என்று மட்டும் கேட்டார். பிறகு, "அந்தம்மா அட்ரஸ் இருக்கு இல்ல? அப்போ போய்ப் பாருங்க" என்றார்.

தயங்கித் தயங்கி ஐந்தாவது நாள்தான் போனார். பதினோரு வருடங்களில் தான் எழுதிய முகவரி ஒன்றுக்கு எழுத்தர் போவது அதுதான் முதல் தடவை. சந்து முனையில் மூன்று மாடிக் கட்டடம். கீழே சைக்கிள் பழுது பார்க்கும் கடை. நடுமாடி காலி. மேல்மாடிக் கதவு திறந்திருந்தது. உள்ளே அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள், மேல்வரிசையும் கீழ்வரிசையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தன. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி கிண்ணத்தில் மாவு குழைத்துக்கொண்டிருந்தார். பல் செட் செய்கிறவர். ஓரமாகப் பிளாஸ்டிக் கேன்கள், இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சுமந்து வந்தவை.

"யாரு?"

"குடிநீர் வாரியத்துல இருந்து வர்றேன்மா."

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். "மறுபடி பேசுங்க."

"உங்க புகார் எண் நாலாயிரத்து நானூத்திப் பதினெட்டு. பதிவு பண்ணியாச்சு."

"அட, அதே கொரல்" என்றார் அவர். "நீங்க மெஷின்னு நெனச்சேன்."

"மெஷினா?"

"எப்பக் கூப்பிட்டாலும் ஒரே பேச்சு, ஒரே இழுப்பு. பதிவு பண்ணியாச்சு, பதிவு பண்ணியாச்சுன்னு. டேப்புல போட்டு விட்டிருக்காங்கன்னு நெனச்சேன். மெஷின்கிட்டக் கத்தி என்ன ஆகப் போகுது? அதான் மெதுவா சொல்லிட்டு வெச்சுடுவேன்."

எழுத்தர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பன்னிரண்டாவது விதி போயிற்று. "ரொம்ப நாள் கஷ்டப்பட்டவங்க மெதுவாத்தான் பேசுவாங்கன்னு எழுதி வெச்சிருந்தேன்மா."

"எங்க எழுதி வெச்சீங்க?"

"ஒரு நோட்டுல. மனச ஆராயுற நோட்டு."

"என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார் அவர். "பத்து மணிக்கு எப்பவும் யாராவது ஒருத்தர் வாயில அச்சு மாவு இறுகிட்டு இருக்கும். கத்தினா அவர் பயந்து கடிச்சுடுவாரு. அதுவும் ஒண்ணு. சரி, ஆள் வந்தாச்சு. தண்ணி எங்க?"

எழுத்தர் விஷயத்தைச் சொன்னார். கால், குரல், குழு, ஒரு வாரம். அந்த அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் அங்க வந்து என்ன சொல்லணும்?"

"நீங்க இருக்கீங்கன்னு சொல்லணும்மா."

"நாப்பத்தோரு நாள் கழிச்சு, நான் இருக்கேனான்னு கேக்க வந்தீங்களா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. எழுத்தருக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை. கீழே இறங்கிப் போய்ச் சைக்கிள் கடைக்காரரிடம் விசாரித்தார்.

"உங்க ஆளுங்க ரோட்டத் தோண்டினாங்க, அதோ அந்த வால்வ மூடினாங்க. அப்புறம் ரோட்ட மூடிட்டுப் போயிட்டாங்க. வால்வத் தொறந்ததப் பாக்கலை" என்றார் கடைக்காரர், சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலையே."

சந்து முனையில் இரும்பு மூடி. கடைக்காரரின் நீளமான ஸ்பேனரை வாங்கிக்கொண்டு எழுத்தர் மூடியைத் தூக்கினார். அடியில் துருப்பிடித்த வால்வு. ஸ்பேனர் பொருந்தியது. திருப்பப் போனவர் நிறுத்தினார்.

தண்ணீர் இல்லாமல், புகாரோடு, நேரில். அப்படித்தான் கடிதத்தில் இருந்தது. இதைத் திறந்துவிட்டால் புகார் முடிந்துபோகும். குழு கூட இன்னும் இரண்டு நாள். நாற்பத்தோரு நாள் பொறுத்தவர் இன்னும் இரண்டு நாள் பொறுக்க மாட்டாரா? சொன்னால் அந்த அம்மாவே ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்வார். பிறகு தானே வந்து திறந்துவிடலாம். இது நியாயமாகத்தான் பட்டது. இவ்வளவு நியாயமாகப் பட்டதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. நாற்பத்தோரு நாளாக இந்த வால்வை மூடி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு நியாயம் இருந்திருக்கும். மேலே பார்த்தார். அந்த அம்மா ஜன்னலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடக்கூட இல்லை.

அவர் திருப்பினார். முதலில் அசையவில்லை. காலை ஊன்றி, உடம்பைக் கொடுத்துத் திருப்பினார். தரைக்கடியில் ஏதோ இருமியது. கொஞ்ச நேரம் காற்று மட்டும் சீறியது. பிறகு மேல்மாடியிலிருந்து சந்தே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் வந்தது.

"வந்துடுச்சுங்க."

குழு கூடிய அன்று அந்த அம்மா கைமுட்டியில் மாவு ஒட்டியிருக்க வந்து உட்கார்ந்தார். அலுவலர் கோப்பைப் புரட்டினார்.

"இவர் நோட்டுல மெதுவான கொரல்னு இருக்கு. உங்க கொரல் அப்படி இல்லையே."

"இப்போ எதிர்ல ஆள் இருக்கு. அதனால சத்தமாப் பேசுறேன்."

"அடையாளம் பொருந்தலை" என்று அலுவலர் எழுதினார். "உங்க வீட்டுல இப்போ தண்ணி வருதா?"

"வருது. இவருதான் தொறந்துவிட்டாரு."

"அப்போ உங்களுக்குப் புகார் இல்ல. புகார் இல்லாதவங்க புகார்தாரர் ஆக முடியாது. புகார்தாரரே இல்லன்னா இவருக்குக் கேட்டது யார் கொரல்?"

மீட்டர் ரீடர் தலையாட்டினார். அந்த அம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க, ஒரு மனுஷன மெஷின்னு நெனச்சுத் தெனமும் பேசிட்டிருந்திருக்கேன். எனக்கே வெக்கமா இருக்கு. நீங்க என்னடான்னா நான் இருக்கேனா இல்லையான்னு கேக்குறீங்க."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மெஷின்னு நெனச்சீங்களா? அப்போ கோவம் வந்துச்சா?"

"மெஷின் மேல எப்படிங்க கோவம் வரும்?"

"நாப்பத்தோரு நாளும் வரலையா?"

"வரலை."

தலைவரின் முகம் மலர்ந்தது. முப்பது வருட சேவையில் பொதுமக்களிடமிருந்து தனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கருத்து இதுதான் என்று சொல்லி, அந்த அம்மாவுக்குத் தேநீர் வரவழைத்தார்.

அடுத்த மாதம் புகார் அறையில் நான்கு தொலைபேசிகளுக்கும் சேர்த்து ஒரே இயந்திரம் வந்தது. 'பதிவு செய்யப்பட்டது, அமைதியாக இருங்கள்' என்று அது சொன்னது. குரல் மன அமைதி அலுவலருடையது. அக்காவை மன அமைதிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே படிவங்களை அடுக்கி வைக்கிறார். எழுத்தரின் நோட்டு அரக்கு உறையோடு அவர் அலமாரிக்கு வந்து சேர்ந்தது. உறையைப் பிரிக்காமல் நோட்டை மட்டும் எப்படி எடுத்தார் என்று தெரியாது. ஒருநாள் மத்தியானம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இந்தா தம்பி, உன் மனசு" என்றார். எழுத்தர் பன்னிரண்டாவது விதியை அடித்துவிட்டு, 'அவரவரைக் கேட்டுப் பார்க்கவும்' என்று எழுதினார்.

அவருக்குத் தண்டனை கிடைத்தது. குரல்கள் விஷயத்தில் முடிவு எதுவும் எட்டப்படவில்லை. ஆனால் உத்தரவில்லாமல் வாரியத்தின் வால்வைத் திறந்தது உறுதியாகிவிட்டது. ஆகவே, செய்த குற்றத்தின் தன்மையை அவர் நாள்தோறும் உணரும்பொருட்டு, எஞ்சிய பணிக்காலம் முழுவதும் வால்வு திறக்கும் பிரிவில் வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவானது. பதவி இரண்டு படி இறங்கியது. மூன்று மாதத்தில் இரண்டு ஜோடி செருப்புத் தேய்ந்தது. எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். முகம் கறுத்துப்போனது. அவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று மனைவி ஒருநாள் கேட்டார். யோசிக்க நேரமில்லை என்றார்.

மூன்று மாதம் முடிந்ததும் விதிப்படி மன அமைதி அலுவலர் தொடர்பரிசோதனைக்கு வந்தார். ஓர் அகலமான தெருவின் நடுவில், நீண்ட வால்வுச் சாவியோடு எழுத்தர் குனிந்திருந்தார். அலுவலர் நிழலாகப் பார்த்து நின்றுகொண்டு கோப்பைத் திறந்தார்.

"ஒரே ஒரு கேள்விதான். இப்பவும் கொரல் கேக்குதா?"

எழுத்தர் வாயைத் திறப்பதற்குள் எதிர்க் கட்டடத்து நான்காவது மாடியிலிருந்து ஒரு பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "வால்வுக்காரரே, இங்க வரலைங்க. கொஞ்சம் வாங்க."

தெருவே கேட்டது. வாலாட்டிக்கொண்டு போன நாய்கூட நின்று திரும்பியது. அலுவலரின் தலை சட்டென்று நிமிர்ந்து, அந்த ஜன்னலைச் சரியாகப் பார்த்தது. பெரியவர் அவரையும் சேர்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார்.

எழுத்தர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்கெனவே பாதித் தெருவைக் கடந்திருந்தார்.

"கேட்டுச்சா சார்?" என்று நடந்தபடியே திரும்பிக் கேட்டார்.

அலுவலர் அவசரமாகக் குனிந்து கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

"எனக்கு எதுவும் கேக்கலை" என்றார்.